செராமிக் கரி கிரில் அன்றாடக் குடும்பச் சமையலுக்குப் பொருந்துமா? வாங்குமுன் எழும் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்கட்கிழமை வரும் மெமோரியல் டே விடுமுறையில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் லேபர் டே வரை, வீட்டின் பின்கட்டில் கிரில் புகையாத வார இறுதி அரிது. அந்தக் காலம் நெருங்கும்போதெல்லாம், முட்டை வடிவில் கனத்த சுவரோடு நிற்கும் செராமிக் கிரில்லை வாங்கலாமா என்று அட்லாண்டாவில் என்னைச் சுற்றியுள்ள குடும்பத்தினர் கேட்பது வழக்கம். நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாக அப்படி ஒன்றில் சமைத்து வருகிறேன். அதற்கு முன்னர், கரியில் எரியும் அரைக்கோள வடிவ எஃகு கெட்டில் கிரில்லும் எரிவாயு கிரில்லும் பயன்படுத்தியிருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த அடுப்பில் உணவு நன்றாக அமையுமா என்பதில் எனக்கு ஐயமே இல்லை. உங்கள் வீட்டு மாலைப் பொழுது இந்த அடுப்பின் நிதானத்துக்கு ஒத்துவருமா என்பதைத்தான் பணம் கொடுக்கும் முன் நீங்கள் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

செராமிக் கரி கிரில் என்றால் என்ன? அது எங்கிருந்து வந்தது?

ஜப்பானில் அடுப்பைக் குறிக்கும் பழைய சொல் கமாடோ. அங்கே அரிசி வேகவைக்கப் பயன்பட்ட, குவிந்த மூடியுள்ள வட்டமான மண் அடுப்புக்கு முஷிகமாடோ என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர்கள் அதைக் கண்டு, இறைச்சி சுடுவதற்கும் ஏற்றது என்று உணர்ந்து, தங்கள் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சுட்ட மண்ணால் ஆன அந்த அடுப்புகள் சில காலம் பயன்படுத்தியதும் வெடித்துப் போயின. 1974இல் எட் ஃபிஷர் என்பவர் அட்லாண்டாவில் பிக் கிரீன் எக் நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் மண் அடுப்புகளையே இறக்குமதி செய்து விற்ற அவர், பின்னர் உயர் வெப்பத்தைத் தாங்கும் செராமிக்குக்கு மாறினார். இன்று கமாடோ ஜோ, பிரைமோ, ஜெர்மனியின் மோனோலித் எனப் பல நிறுவனங்கள் இதே வகை அடுப்புகளை விற்கின்றன. வடிவத்திலும் துணைப்பொருள்களிலும் வேறுபாடுகள் உண்டு என்றாலும், கீழே ஒரு காற்றுவாய், உள்ளே கரிக்கிண்ணம், அதன் மேல் கம்பித்தட்டு, கனத்த மூடி, மூடியின் உச்சியில் மற்றொரு காற்றுவாய் என்ற அமைப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

எஃகினால் ஆன கெட்டில் கிரில்லிலிருந்து இது உண்மையில் எப்படி மாறுபடுகிறது?

கெட்டில் கிரில் 1952இல் சிகாகோப் பகுதியில் ஜார்ஜ் ஸ்டீவன் என்பவர், தாம் வேலைபார்த்த உலோகப் பட்டறையில் கடல் மிதவைகளுக்காகச் செய்யப்பட்ட அரைக்கோளங்களைக் கொண்டு உருவாக்கியது. அதன் சுவர் மெல்லிய தகடு என்பதால், தணலின் சூட்டில் பெரும்பகுதி வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அந்த இழப்பை ஈடுசெய்ய அதிகக் கரி எரிய வேண்டும், அதிகக் கரி எரிய அதிகக் காற்று உள்ளே வர வேண்டும். செராமிக் அடுப்பின் தடித்த சுவரோ சூட்டைத் தன்னுள் வாங்கி வைத்துக்கொள்கிறது. எனவே சிறிய தணலும் குறைந்த காற்றோட்டமும் போதுமானவை. இதில் சமைத்த கோழி வறண்டு போகாமல் இருப்பதற்குக் காரணம் செராமிக்கில் ஒளிந்திருக்கும் ஏதோ ஒரு குணம் அன்று. ஈரத்தை வாரிக்கொண்டு போகும் காற்று குறைவாக இருப்பதுதான் காரணம்.

மண்சட்டியில் வைத்த குழம்பை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் அது சிறிது நேரம் கொதித்துக்கொண்டிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். செராமிக் கிரில்லின் வலிமையும் தொல்லையும் அந்தக் குணத்தில்தான் இருக்கின்றன. ஏறிய சூடு எளிதில் இறங்காது.

வேலை முடிந்து வந்த மாலையில் இதைப் பற்றவைத்துச் சமைக்க முடியுமா?

முடியும், ஆனால் உணவு மேசைக்கு வரும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டாக வேண்டும். எரிவாயு கிரில் பத்து நிமிடத்தில் தயாராகிவிடும். செராமிக் கிரில்லில் நேரடித் தணலில் சுடுவதற்கே இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஆகும். தணலுக்கும் கம்பித்தட்டுக்கும் இடையே வெப்பத் தடுப்புத் தட்டை வைத்து, மறைமுகச் சூட்டில் கோழியை வேகவைப்பதென்றால், கரி பற்றி, தொடக்கத்து வெண்புகை அடங்கி, தட்டும் சுவரும் சூடாகி நிலைகொள்ள முக்கால் மணி நேரம் ஒதுக்குவது நல்லது.

எங்கள் வீட்டில் இது இப்படி நடக்கிறது. ஐந்தரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தவுடன், உடை மாற்றும் முன்பே கரியைப் பற்றவைத்துவிடுவேன். காய் நறுக்கி, சோறு வைத்து, பிள்ளைகளின் பையைத் திறந்து பார்த்து முடிக்கும்போது ஆறேகால் ஆகியிருக்கும், அடுப்பும் 190 டிகிரி செல்சியஸில் நின்றிருக்கும். காலையிலேயே மசாலா தடவிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்த கோழிக் கால்களை அப்போது அடுக்கினால், ஏழு மணிக்குச் சாப்பிட உட்காரலாம். இந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் அடுப்பின் முன் நின்றது மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம்தான் இருக்கும். காத்திருக்கும் நேரம் அதிகம் என்றாலும் உழைக்கும் நேரம் குறைவு என்பதை வாங்கும் முன் பலர் கவனிப்பதில்லை.

ஆனால் பிள்ளைகளை ஆறு மணிக்கு நீச்சல் வகுப்புக்கு அழைத்துச் செல்ல வேண்டிய வீட்டில், ஆறே முக்காலுக்குத் திரும்பி வந்து ஏழு மணிக்கு உணவு வேண்டுமென்றால், இந்த அடுப்பு அந்த நாளுக்கு உதவாது. வாரத்தில் ஐந்து நாளும் அப்படித்தான் ஓடுகிறது என்றால் உங்களுக்கு எரிவாயு கிரில்லே பொருத்தமானது. அதை நான் தயங்காமல் சொல்வேன்.

சூடு அதிகமாகிவிட்டால் உடனே குறைக்க இயலுமா?

இயலாது. புதிதாக வாங்குபவர்கள் மனம் சோர்ந்து போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 120 டிகிரியில் மெல்ல வேகவைக்க வேண்டிய இறைச்சிக்காக அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, இரண்டு காற்றுவாய்களையும் முழுவதும் திறந்து வைத்து மறந்துபோனால், அரை மணியில் 250 டிகிரியைத் தாண்டிவிடும். அதன்பின் காற்றுவாய்களை மூடித் தணலை அடக்கினாலும், சுவர் வாங்கிய சூடு இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே கீழிருந்து மேலே ஏறுவதுதான் முறை. வேண்டிய சூட்டுக்கு முப்பது டிகிரி முன்பாகவே காற்றுவாய்களைச் சுருக்கத் தொடங்குங்கள். மாற்றம் செய்தபின் பத்து நிமிடம் பொறுத்து, மூடியில் உள்ள வெப்பமானியைப் பார்த்து, பிறகே அடுத்த மாற்றத்தைச் செய்யுங்கள். கீழ்க் காற்றுவாயால் பெரிய மாற்றத்தையும் மேல் காற்றுவாயால் நுண்ணிய மாற்றத்தையும் செய்வது எளிது.

ஒரே மாலையில் இரண்டு சூட்டில் சமைக்க வேண்டுமென்றால், குறைந்த சூட்டில் வேகவேண்டியதை முதலில் முடித்துவிட்டு, பிறகு காற்றைத் திறந்து, அதிகச் சூடு வேண்டியதைச் சுடுங்கள். வரிசையை மாற்றினால் காத்திருந்தே பொழுது போய்விடும்.

நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு எந்த அளவு வேண்டும்?

ஏறத்தாழ 18 அங்குல விட்டமுள்ள கம்பித்தட்டு கொண்ட அளவே குடும்பங்களுக்குப் பொதுவாக ஏற்றது. ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பர்கர் அல்லது இரண்டு முழுக் கோழிகள் இடம்பிடிக்கும். 15 அங்குலத் தட்டு இரண்டு மூன்று பேருக்குப் போதும். 24 அங்குலத் தட்டு மாதம் ஒருமுறையாவது பதினைந்து பேரை அழைக்கும் வீட்டுக்குத் தகும். அதைச் சூடேற்றக் கூடுதல் கரியும் நேரமும் ஆகும் என்பதால், விருந்து நாளை மட்டும் மனத்தில் வைத்துப் பெரியதை வாங்கியவர்கள் வார நாள்களில் அதைத் தொடத் தயங்குகிறார்கள்.

ஓர் ஒப்பீடும் தேவைப்படுகிறது. 22 அங்குலம் என்று விற்கப்படும் சாதாரணக் கெட்டில் கிரில்லின் சமைக்கும் பரப்பு சுமார் 363 சதுர அங்குலம். 18 அங்குல செராமிக் கிரில்லின் பரப்போ சுமார் 260 சதுர அங்குலம்தான். விலை பல மடங்கு அதிகம், இடமோ குறைவு என்பதைக் கடையில் நிற்கும்போது யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. இரண்டாவது அடுக்காகக் கம்பித்தட்டைப் பொருத்தினால் இடம் கூடும். ஆனால் மேலடுக்கிலும் கீழடுக்கிலும் சூடு ஒன்றாக இருக்காது.

பிள்ளைகளுக்குச் சோளக்கதிர், பெரியவர்களுக்கு மீன், ஒருவருக்குப் பனீர் என்று ஒரே நேரத்தில் பலவகை செய்யலாமா?

அகலமான எரிவாயு கிரில்லில் இது இயல்பாக நடக்கும், ஒரு பக்கம் தழலைக் கூட்டி மறுபக்கம் அணைத்துவிடலாம். வட்டமான, ஆழமான செராமிக் அடுப்பில் தணலை ஒரு பக்கமாக ஒதுக்குவது கடினம். கரிக்கிண்ணத்தைப் பாதியாகப் பிரிக்கும் தடுப்பும் அரைவட்ட வெப்பத் தடுப்புத் தட்டும் இப்போது கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு பாதியில் நேரடிச் சூடும் பாதியில் மறைமுகச் சூடும் பெறலாம். இருந்தாலும் பாதி என்பது ஒன்பது அங்குலம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

எங்களைப் போல் சைவமும் அசைவமும் கலந்து புழங்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. என் மாமியார் இறைச்சி உண்பதில்லை. அவருக்கான பனீரையும் குடைமிளகாயையும் கோழி கிடந்த கம்பிமீது வைக்க எனக்கு மனம் வராது. ஆகவே தனிக் கம்பித்தட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சைவத்தை முதலில் சுட்டு எடுத்து, மூடிய பாத்திரத்தில் வைத்துவிட்டு, பிறகு தட்டை மாற்றி அசைவத்தைத் தொடங்குகிறேன். அந்தக் கூடுதல் தட்டுக்கான செலவை இத்தகைய குடும்பங்கள் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்தக் கரியைப் பயன்படுத்த வேண்டும்? எவ்வளவு செலவாகும்?

கட்டை கட்டையாக இருக்கும் இயற்கை மரக்கரியே இதற்கு உரியது. ஓக், ஹிக்கரி போன்ற கடின மரங்களின் கரி அமெரிக்கக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். கரித்தூளை மாவுப்பசையால் பிணைத்து அச்சில் வார்த்த பிரிக்கெட் வகை அதிகச் சாம்பலை விடும். அந்தச் சாம்பல் அடியில் உள்ள துளைகளை அடைத்து, ஏற்கெனவே குறைவான காற்றோட்டத்தை மேலும் குறைத்துவிடும்.

கரிச் செலவில் இந்த அடுப்பு உண்மையிலேயே சிக்கனமானது. ஒருமுறை கிண்ணத்தை நிரப்பினால் 110 டிகிரி அளவில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். சமைத்து முடித்ததும் இரண்டு காற்றுவாய்களையும் மூடினால் தணல் மூச்சடங்கி அணைந்துவிடும். எஞ்சிய கரியைக் கிளறிச் சாம்பலை உதிர்த்துவிட்டு, மேலே கொஞ்சம் புதுக்கரி போட்டு அடுத்த நாள் பற்றவைக்கலாம். வாரம் மூன்று நாள் சமைக்கும் வீட்டுக்கு இந்தச் சேமிப்பு ஆண்டு முடிவில் நன்றாகத் தெரியும். இருந்தாலும் அடுப்பின் விலையைக் கரிச் சேமிப்பிலேயே மீட்டுவிடலாம் என்று எண்ணி வாங்க வேண்டாம்.

பற்றவைக்கும் திரவத்தை ஊற்றலாமா?

கூடவே கூடாது. செராமிக்குக்கு நுண்துளைகள் உண்டு. அதில் ஊறிய திரவத்தின் நாற்றம் பல சமையல்களுக்குப் பின்னும் உணவில் ஏறும். மெழுகும் மரத்தூளும் கலந்த பற்றவைப்புக் கட்டி ஒன்றோ இரண்டோ போதும், மின்சாரப் பற்றவைப்பான் இன்னும் எளிது.

இந்த அடுப்பு எதில் மற்றவற்றை மிஞ்சுகிறது?

மூடியை மூடிவிட்டு விலகிப் போகக்கூடிய சமையல் எல்லாவற்றிலும் மிஞ்சுகிறது. பன்றித் தோள்பட்டையோ மாட்டு நெஞ்சுக்கறியோ 110 முதல் 120 டிகிரியில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் வெந்து, உள்ளே 95 டிகிரியை எட்டும்போது விரல்பட்டால் பிரியும் பதத்துக்கு வருகிறது. முன்னிரவில் வைத்துவிட்டுத் தூங்கி எழுந்தாலும், காற்றுவாய்களைச் சரியாக நிறுத்தியிருந்தால் சூடு பெரும்பாலும் அங்கேயே நிற்கும். எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவு வைக்கும் தோள்பட்டை ஞாயிறு மதிய விருந்தாகி, மிச்சம் திங்களும் செவ்வாயும் பிள்ளைகளின் பள்ளி உணவாகிறது. வார நாளில் அடுப்பைப் பற்றவைக்காமலேயே அதன் பயனை வாரம் முழுவதும் பெறுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

முதுகெலும்பை நீக்கித் தட்டையாக விரித்த முழுக்கோழி 200 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தோல் மொறுமொறுப்பாகவும் உள்ளே சாறோடும் வெந்துவிடும். மறுபுறம், தடுப்புத் தட்டின் மேல் செராமிக் கல்லை வைத்து 300 டிகிரி வரை ஏற்றினால் பீட்சா ஆறேழு நிமிடத்தில் வெந்துவிடும். அதே கல்லில் நான் ரொட்டியும் நன்றாக எழும்புகிறது, ஏனென்றால் இதுவும் தந்தூர் அடுப்பைப் போலச் சுவரின் சூட்டால் வேகவைக்கும் அடுப்புதான். மசாலா தடவிய மீனை வாழையிலையில் பொதிந்து மறைமுகச் சூட்டில் வைத்தால், இலையின் மணம் வெளியே போகாமல் மீனிலேயே தங்குகிறது. உறைந்த வாழையிலை இங்குள்ள ஆசியக் கடைகளில் கிடைக்கும்.

இதற்கு மாறாக, நாலு சாசேஜ், நாலு பர்கர் என்று பத்து நிமிட வேலைக்கு இந்த அடுப்பு மிகையானது. அவற்றைச் சுட மூடியை அடிக்கடி திறக்க வேண்டும். திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்று புகுந்து தணல் சீறும், மூடி வைத்துச் சமைப்பதால் கிடைக்கும் நன்மையும் போய்விடும்.

பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் இது பாதுகாப்பானதா?

சுவர் சூட்டைத் தேக்குவதால் வெளிப்புறம் எஃகு கிரில்லைவிடக் குறைவாகவே சுடும். ஆனாலும் தொட்டால் காயம் ஏற்படும் அளவு சூடு உண்டு, மேல் காற்றுவாயும் இரும்புப் பட்டைகளும் கடுமையாகச் சுடும். அணைத்துப் பல மணி நேரம் ஆன பிறகும் அடுப்பு வெதுவெதுப்பாகவே இருக்கும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

இந்த வகை அடுப்புக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. காற்றுவாய்கள் ஏறக்குறைய மூடியிருக்கும்போது தணல் ஆக்சிஜனுக்காக ஏங்கிக்கொண்டிருக்கும். அப்போது மூடியைச் சட்டென்று திறந்தால், உள்ளே பாயும் காற்றால் எரியாத வாயுக்கள் பற்றிக்கொண்டு, தீநாக்கு முகத்தை நோக்கி எழும். வாங்கிய முதல் மாதத்தில் எனக்கே இது நேர்ந்தது. முன்கை மயிர் பொசுங்கியதோடு போயிற்று, என் மகள் இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு விதி: முதலில் மூடியை இரண்டு மூன்று அங்குலம் மட்டும் தூக்கி, சில நொடி காற்று உள்ளே போகவிட்டு, பிறகே முழுவதும் திறப்பது. 200 டிகிரிக்கு மேல் சமைக்கும்போது இதை ஒருமுறைகூடத் தவறவிடக் கூடாது. விருந்துக்கு வந்தவர் ஆவலாய் மூடியைத் திறக்கப் போனாலும் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வெளிவரும். ஆகவே வீட்டுக்குள்ளோ, கதவைத் திறந்து வைத்த கார் கொட்டகைக்குள்ளோ ஒருபோதும் பற்றவைக்கக் கூடாது. மழை வந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் வைக்கலாமா? மரத்தளத்தில்?

அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் பின்பற்றப்படும் தீப்பாதுகாப்பு விதிகள், அடுக்குமாடிக் கட்டடங்களில் எரியக்கூடிய பால்கனியிலும், எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து பத்து அடிக்குள்ளும் கரி அடுப்பைப் பயன்படுத்தத் தடை விதிக்கின்றன. உங்கள் குடியிருப்பின் ஒப்பந்தத்தையும் நகர விதியையும் பாருங்கள். தடை இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

தனி வீட்டின் மரத்தளத்தில் வைக்கலாம். ஆனால் செராமிக் நேரடியாக மரத்தில் படக் கூடாது. உரிய இரும்புத் தாங்கியில் நிறுத்தி, கீழ்க் காற்றுவாயிலிருந்து தெறிக்கும் கங்கு விழும் இடத்தில் காங்கிரீட் பலகையோ தீத்தடுப்பு விரிப்போ போடுங்கள். மரத்தால் செய்த மேசைக்குள் பதிப்பதாக இருந்தால், அடுப்புக்குக் கீழே கல்லும் காற்று இடைவெளியும் கட்டாயம். 18 அங்குல அளவே எழுபது கிலோவுக்கு மேல் எடை இருக்கும் என்பதால், அடிக்கடி வீடு மாறுபவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தூக்கும்போது உள்ளே இருக்கும் பாகங்களை வெளியே எடுத்துவிட்டு, இரண்டு பேர் அடிப்பாகத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும், மூடியின் கீலைப் பிடித்து ஒருபோதும் தூக்கக் கூடாது.

செராமிக் வெடித்துப் போகாதா?

சமையல் சூட்டினால் மட்டும் வெளிச்சுவர் வெடிப்பது அரிது. கீழே விழுவதாலும், சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றுவதாலும், ஊறிய ஈரம் குளிர்காலத்தில் உறைந்து விரிவதாலும்தான் உடைகிறது. எனவே மழைக்கு உறை போட்டு மூடுங்கள். கடுங்குளிரில் பற்றவைத்தால் நிதானமாகச் சூடேற்றுங்கள். உள்ளே இருக்கும் கரிக்கிண்ணத்தில் விரிசல் விழுவது பரவலாகக் காணப்படுவதே. எங்களுடையதில் மூன்றாம் ஆண்டில் விழுந்தது, ஆனாலும் இன்று வரை அதையே பயன்படுத்துகிறோம். முன்னணி நிறுவனங்கள் முதல் உரிமையாளருக்குச் செராமிக் பாகங்களுக்கு வாழ்நாள் உத்தரவாதம் தருகின்றன. வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்தி, பதிவு செய்யக் கேட்டிருந்தால் உடனே பதிவு செய்துவிடுங்கள்.

பராமரிப்பு எவ்வளவு வேலை வைக்கும்?

அதிகமில்லை. சில சமையல்களுக்கு ஒருமுறை சாம்பலை வார வேண்டும், அதுவும் அடுப்பு முழுவதும் ஆறிய மறுநாளில், மூடியுள்ள உலோக வாளியில். உட்சுவரைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டியதில்லை, கழுவவும் கூடாது. மூடியும் அடிப்பாகமும் சேரும் விளிம்பில் ஒட்டியிருக்கும் கேஸ்கட், நம் பிரஷர் குக்கரின் கேஸ்கட்டைப் போலவே, தேய்ந்தால் காற்றுக் கசிந்து சூடு கட்டுக்குள் நிற்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற நேரிடும். புது அடுப்பில் முதல் சில சமையல்களை 175 டிகிரிக்குள் வைத்துக்கொண்டால் அதன் பசை நன்றாக இறுகும். மூடியைத் தாங்கும் இரும்புப் பட்டைகளின் மரைகளை ஆண்டுக்கு இரண்டு முறையாவது முடுக்குங்கள். பட்டை தளர்ந்து மூடி நழுவி உடைந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

நீண்ட மழைக்காலத்தில் மூடியே வைத்திருந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். கம்பித்தட்டை நீக்கிவிட்டுப் பழைய கரியை எரித்துச் சூடேற்றினால் அது சாம்பலாகிவிடும்.

மூடியில் உள்ள வெப்பமானியை நம்பி இறைச்சி வெந்துவிட்டது என்று சொல்லலாமா?

கூடாது. அது குவிமாடத்துக் காற்றின் சூட்டைக் காட்டுகிறது. கம்பித்தட்டின் சூடு, குறிப்பாகத் தொடக்கத்தில், அதிலிருந்து கணிசமாக வேறுபடும். இறைச்சிக்குள் செருகும் வெப்பமானி ஒன்றை அடுப்போடு சேர்த்தே வாங்குங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் பரிந்துரைப்படி கோழி உள்ளே 74 டிகிரியும், கொத்திய மாட்டிறைச்சி 71 டிகிரியும், மீன் 63 டிகிரியும் எட்ட வேண்டும். மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் முழுத் துண்டுகள் 63 டிகிரியை எட்டிய பின் மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும். கொழுப்பு தணலில் சொட்டிப் புகைந்தால், உடலுக்கு ஒவ்வாத சேர்மங்கள் உணவில் படியும். கொழுத்த இறைச்சிக்குத் தடுப்புத் தட்டும் சொட்டும் கொழுப்பைப் பிடிக்கும் தட்டும் வைப்பது அதற்காகவும்தான்.

ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்கும் அளவுக்கு இதில் பயன் உண்டா?

முன்னணி நிறுவனங்களின் 18 அங்குல அடுப்பு, தாங்கியும் துணைப்பொருள்களும் சேர்ந்தால் ஆயிரம் டாலரை எளிதில் தாண்டும். அதில் ஒரு சிறு பங்கு விலைக்கு நல்ல கெட்டில் கிரில் வாங்கிவிடலாம். இரட்டைச் சுவர் எஃகினால் ஆன கமாடோ வகைகளும் மிகக் குறைந்த விலையில் உள்ளன. அவை செராமிக்கின் குணத்தில் பெரும்பகுதியைத் தருகின்றன, எடையும் குறைவு. ஆனால் துருப்பிடித்துச் சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடக்கூடும்.

என் அளவுகோல் இதுதான். கடந்த மூன்று மாதத்தில் நீங்கள் வெளியில் சமைத்த நாள்களை எண்ணிப் பாருங்கள். அவற்றில் பாதிக்கு மேல் மூடியை மூடி முக்கால் மணிக்கு மேல் வேகவைத்த சமையலாக இருந்தால், செராமிக் அடுப்பு உங்கள் வீட்டில் உழைக்கும். பெரும்பாலும் பர்கரும் சாசேஜும் காய்கறியுமாக இருந்தால் கெட்டிலோ எரிவாயுவோ போதும். வெளியே சமைத்ததே இல்லை என்றால், முதலில் மலிவான கெட்டில் கிரில் ஒன்றில் ஒரு கோடைக்காலம் முழுவதும் பழகுங்கள். காற்றுவாயால் தீயை ஆளும் கலையை அதிலேயே கற்றுவிடலாம், பின்னர் செராமிக்குக்கு மாறினாலும் அந்தப் பழக்கம் வீணாகாது.

இதை வாங்கினால் எரிவாயு கிரில்லை விற்றுவிடலாமா?

ஓராண்டு பொறுங்கள். நான் அவசரப்பட்டு விற்றுவிட்டு, இரண்டாம் கோடையில் சிறிய எரிவாயு கிரில் ஒன்றை மறுபடியும் வாங்கினேன். செவ்வாயும் வியாழனும் அதில், வெள்ளி மாலையும் வார இறுதியும் செராமிக்கில் என்று எங்கள் வீட்டு வழக்கம் தானாகவே அமைந்துவிட்டது.

பிறர் பயன்படுத்தியதை வாங்கலாமா?

நல்ல நிலையில் இருந்தால் தாராளமாக வாங்கலாம், வீடு மாறுபவர்கள் இதன் எடைக்குப் பயந்தே பாதி விலைக்கு விற்பதுண்டு. உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும் என்பதால் நேரில் சோதித்தே வாங்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் மூடியையும் அடிப்பாகத்தையும் உள்ளும் புறமும் தடவிப் பாருங்கள். மேற்பூச்சில் மட்டும் தெரியும் மெல்லிய ரேகைகள் பரவாயில்லை. சுவரை ஊடுருவிய விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். மூடி நேராக உட்காருகிறதா, கீலின் வில் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடிய விளிம்பில் ஒரு காகிதத்தை வைத்து இழுத்தால், சுற்றிலும் எல்லா இடத்திலும் லேசாகப் பிடித்து இழுபட வேண்டும். கேஸ்கட், கம்பித்தட்டு, கரிக்கிண்ணம் ஆகியவற்றை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், அவற்றின் தேய்மானத்தைச் சொல்லி விலையைக் குறைக்கக் கேளுங்கள். வண்டியில் ஏற்றும்போது மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே பழைய போர்வை ஒன்றை மடித்து வைத்துக் கட்டுங்கள்.